சிவன் கழுத்து நகை படம் எடுத்தது

‘வெற்றிலை வரவில்லை, பாக்கு மட்டும் வீடு தேடி வந்தது. என்ன பெயர் வைப்பது? ஆண்டு 1986.’

எங்கள் நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விழுந்த புதிர் இது. விடை பாட்டாக இருக்கலாம், படமாக இருக்கலாம், பாடகராகவோ ராகமாகவோகூட இருக்கலாம். இசையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. விஜய் டிவியில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் படங்களை வரிசையாக ஒட்டிப் பாட்டைக் கேட்பார்கள். எங்கள் குழுவுக்குக் கிறுக்கு கொஞ்சம் கூடுதல். படமெல்லாம் கிடையாது, சொல்லை வைத்தே சுற்றலில் விடுவோம்.

பதில்கள் மளமளவென்று வந்தன. “நிச்சயதார்த்தப் பாட்டு.” “86-ல தாம்பூலம் மாத்துற சீன் எந்தப் படத்துலடா வருது?” “பேர் வைக்கிறதுன்னா தொட்டில். தாலாட்டுல தேடுங்க.” அரை மணி நேரம் மொத்தக் குழுவும் கல்யாண மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை. இத்தனைக்கும் விடை அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். பலர் வீட்டில் அந்த கேசட் இருந்திருக்கிறது.

தெரிந்த ஒன்று ஏன் வரமாட்டேன் என்கிறது? நினைவாற்றலைப் பற்றி ஆராய்பவர்களை நூறு ஆண்டுகளாக உட்கார வைத்திருக்கும் கேள்வி இது.

ஒரு சின்னச் சோதனை. மூன்று சொற்கள் தருகிறேன்: மூக்கு, வளையல், கார். மூன்றோடும் சேரக்கூடிய ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 1962-இல் சார்னாஃப் மெட்னிக் என்ற அமெரிக்க உளவியலாளர் படைப்பாற்றலை அளக்க முன்வைத்த சோதனையின் தமிழ் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கு என்றதும் மூக்குத்தி வந்து நிற்கும். அடுத்தது வளையல். போதாதா? மனம் நகைக்கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. மூன்றாவதாக வரும் கார் அங்கே எதற்கும் ஒத்துவராமல் வாசலிலேயே நிற்கிறது. விடை கண்ணாடி. மூக்குக் கண்ணாடி, கண்ணாடி வளையல், கார்க் கண்ணாடி.

கவனித்தீர்களா, தடையாக இருந்தது தெரியாமை அல்ல. தெரிந்த இன்னொன்று முந்திக்கொண்டு வந்து நின்றதுதான். ஸ்டீவன் ஸ்மித்தும் ஸ்டீவன் பிளாங்கன்ஷிப்பும் 1991-இல் இதையே வேண்டுமென்று செய்து பார்த்தார்கள். இதே வகைப் புதிர்களின் பக்கத்தில் தவறான திசைக்கு இழுக்கும் சொற்களை வைத்தார்கள். அவற்றைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த விடைகள் குறைந்தன. அவர்களையே கொஞ்ச நேரம் வேறு வேலையில் விட்டுவிட்டு மறுபடி கேட்டபோது நிலைமை தேறியது. தவறான சொல்லின் பிடி தளர நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குளிக்கும்போது விடை தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். குளியலறைக்கென்று தனி ஞானம் எதுவும் கிடையாது.

பாக்குப் புதிருக்கு வருவோம். மண்டபத்திலிருந்து எங்களை வெளியே இழுத்தவர் குழுவில் அதிகம் பேசாத ஒருவர். “தாம்பூலத்தை விடுங்கப்பா. பாக்குன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.” அவ்வளவுதான் அனுப்பினார். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒரே நேரத்தில் மூன்று பேரிடமிருந்து வந்தது: பாக். யோஹான் செபாஸ்டியன் பாக். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஓர் இசைத்துண்டே உண்டு. வீடு தேடி வந்தவரும் அங்கே இருக்கிறார், என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியும் அட்டையிலேயே இருக்கிறது. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய ஊரில் பாக்கையும் பாக்கையும் குழப்பியதற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது.

புதிர் போடுகிறவர்கள் செய்வது சிலேடை என்றால், விடுவிக்கிறவர்களின் தலைக்குள் நடப்பது என்ன? ஜானெட் மெட்காஃபும் டேவிட் வீபும் 1987-இல் ஒரு சோதனை செய்தார்கள். கணக்குப் போடுகிறவர்களிடமும் புதிர் விடுவிக்கிறவர்களிடமும் 15 விநாடிக்கு ஒருமுறை, “விடையை எவ்வளவு நெருங்கிவிட்டதாகத் தோன்றுகிறது?” என்று கேட்டார்கள். இயற்கணிதம் போட்டவர்களின் மதிப்பீடு படிப்படியாக ஏறியது. புதிரோடு மல்லுக்கட்டியவர்களுக்கோ கடைசி விநாடி வரை எல்லாம் குளிர்ந்தே கிடந்தது. பிறகு திடீரென்று விடை. அரை மணி நேரம் ஒன்றுமே நகராததுபோல் இருந்ததும், பிறகு ஒரே கணத்தில் மூன்று பேருக்குத் தோன்றியதும் இந்த வகைதான்.

அந்தக் கணத்தை மூளையில் பிடித்துப் பார்த்தது 2004-இல். மார்க் யுங்-பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர் மூன்று சொல் புதிர்களைக் கொடுத்து இஇஜி, எஃப்எம்ஆர்ஐ இரண்டிலும் பதிவு செய்தார்கள். விடை வந்ததும், அது பளிச்சென்று தோன்றியதா, ஒவ்வொன்றாகத் தேடிக் கிடைத்ததா என்றும் சொல்ல வேண்டும். பளிச்சென்று தோன்றியபோது, பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.3 விநாடிக்கு முன்னால், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள மூளைப்பகுதியில் காமா அலை வெடித்துக் கிளம்பியது. அதற்கும் சற்று முன்னால், தலையின் வலது பின்பக்கத்தில் ஆல்ஃபா அலை கூடியது. கண்வழி வரும் தகவல்களை மூளை சற்றுத் தணித்துவைக்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். யோசிக்கிறவர் விட்டத்தை வெறித்துப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்துக்கொண்டு ‘வலது மூளைதான் படைப்பு மூளை’ என்று வகுப்பெடுக்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம். புதிரோடு மோதும்போது மூளை முழுவதுமே வேலை செய்கிறது. பளிச்சென்று வரும் விடைக்கும் தேடி எடுத்த விடைக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில் தெரிந்தது, அவ்வளவே. 2018-இல் வியன்னாவில் இன்னும் கூர்மையான ஸ்கேனரில் பார்த்தபோது, அந்தக் கணத்தில் மூளையின் வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸும் கிளர்ந்தெழுவது தெரிந்தது. விடை கண்டவர் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டு அனுப்புவதை இனி மன்னித்துவிடலாம்.

பாட்டுப் புதிருக்கென்று தனியான தொல்லை ஒன்று உண்டு. மெட்டு தெரியும், காட்சி தெரியும், கதாநாயகி கட்டியிருந்த புடவையின் நிறம்கூடத் தெரியும். பல்லவி மட்டும் வராது. ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966-இல் இந்த ‘நுனிநாக்கு’ நிலையை ஆராய்ந்தார்கள். அரிய சொற்களின் பொருளைப் படித்துக்காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்களால்கூட அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் தற்செயலுக்கு மேற்பட்ட அளவில் சரியாகச் சொல்ல முடிந்தது. அதாவது முதல் எழுத்து நல்ல பிடி. பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியிலும் பிறகு சன் டிவியிலும் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ முழுக்க இந்தப் பிடியை வைத்துத்தான் ஓடியது. எழுத்தைக் கொடுத்தால் பாட்டு வந்து விழும்.

ஆனால் பாட்டின் நடுவில் நுழையச் சொன்னால் தடுமாறுவோம். ‘ழ’வுக்கு முந்தைய எழுத்து எது? பெரும்பாலானவர்கள் ய, ர, ல, வ என்று வாய்க்குள் ஓட்டித்தான் பதில் சொல்வார்கள். பாட்டும் அப்படித்தான். வாய்மொழிக் காவியங்களையும் பாடல்களையும் ஆராய்ந்த டேவிட் ரூபின், ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை இழுத்துவரும் தொடராகவே அவை நினைவில் இருக்கின்றன என்று 1995-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எதுகை, தாளம், மெட்டு, பொருள் எல்லாம் சேர்ந்து அடுத்த வரியை முடிவு செய்கின்றன. சரணத்தின் மூன்றாவது வரியில் வரும் ஒரு பொருளைச் சொல்லி இது எந்தப் பாட்டு என்று கேட்பது, அந்தத் தொடரைக் குறுக்கே பிடித்து இழுப்பது.

ஒலியைக் கொடுத்தால் கதையே வேறு. கரோல் கிரம்ஹான்சல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்களிலிருந்து 400 மில்லிவிநாடித் துண்டுகளை, அதாவது அரை விநாடிக்கும் குறைவானதை, ஒலிக்கவிட்டார். கால்வாசிக்கும் மேற்பட்ட தடவைகளில் கேட்டவர்கள் பாடகர் பெயர், பாட்டின் பெயர் இரண்டையும் சொல்லிவிட்டார்கள். பெயர் தெரியாதபோதும் அது என்ன உணர்ச்சி, ஏறக்குறைய எந்தப் பத்தாண்டு என்று சொல்ல முடிந்தது. அவ்வளவு குறுகிய துண்டில் மெட்டுக்கே இடமில்லை. ஒலியின் நிறம் மட்டும்தான் இருக்கிறது. இளையராஜாவின் வயலின் கூட்டத்தை ஒரே இழுப்பில் அடையாளம் காண்கிறவர்களுக்கு இந்த ஆய்வு வியப்பே தராது. ஒலிவழி என்றால் அரை விநாடி. பொருள்வழி என்றால் அரை மணி நேரமும் போதவில்லை. “பாக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்க” என்ற குறிப்பு செய்ததும் இதுதான். புதிதாக எந்தத் தகவலும் அதில் இல்லை. எங்களைப் பொருளிலிருந்து ஒலிக்கு மாற்றிவிட்டது.

இனி தலைப்பில் இருக்கும் புதிர். ‘சிவன் கழுத்து நகை படம் எடுத்தது. கதவு எண் 29.’ சென்ற ஆண்டின் சிறந்த புதிர் என்று நான் இதற்குத்தான் வாக்களிப்பேன். சிவன் கழுத்தில் கிடப்பது பாம்பு. பாம்பு படம் எடுக்கும். ஆனால் இங்கே எடுத்தது சினிமாப் படம். சங்கரனின் ஆபரணம். கே. விஸ்வநாத் இயக்கி 1980-இல் வெளிவந்த ‘சங்கராபரணம்’. இசையமைத்த கே. வி. மகாதேவன், பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியம், வாணி ஜெயராம் மூவரும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது பெற்றார்கள். அப்புறம் அந்த 29? அது விடை சரிதானா என்று சோதித்துக்கொள்ளும் பூட்டு. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களில் சங்கராபரணம் 29-ஆவது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அழகு. ராகத்தின் பெயருக்குள்ளேயே எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்ற பழைய குறியீட்டு முறை அது. வடமொழி மெய்வரிசையில் ‘க’வில் தொடங்கி ஒன்பது எழுத்துகளுக்கு 1 முதல் 9, பத்தாவதான ‘ஞ’ பூஜ்யம். ‘ட’வில் மறுபடி 1-இலிருந்து ஆரம்பம், அந்த வரிசையின் பத்தாவது எழுத்தான ‘ந’ பூஜ்யம். ‘ப’ முதல் ‘ம’ வரை 1 முதல் 5. ‘ய’ முதல் ‘ஹ’ வரை எட்டு எழுத்துகளுக்கு 1 முதல் 8. உயிர்க்குறிகளைக் கண்டுகொள்ள வேண்டாம். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கி, திருப்பிப் போட வேண்டும்.

சங்கராபரணத்தின் மேளகர்த்தாப் பெயர் தீரசங்கராபரணம். முதல் எழுத்து வடமொழியில் அழுத்தி ஒலிக்கும் ‘த’, அதாவது ‘ட’ வரிசையின் ஒன்பதாவது எழுத்து. ‘ர’ என்பது 2. 92-ஐத் திருப்பினால் 29. கல்யாணியின் முழுப்பெயர் மேசகல்யாணி. ‘ம’ 5, ‘ச’ 6, திருப்பினால் 65. தீர, மேச என்ற ஒட்டுகள் எதற்கு வந்தன என்று இப்போது புரியும். ராகங்கள் முன்பே பெயரோடு இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களுக்குக் கணக்குப் போட்டுவைத்தார். எண்ணோடு பெயர் பொருந்த வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் முன்னால் இரண்டெழுத்தை ஒட்டினார்கள். எண்ணிலும் வேடிக்கை உண்டு. 65-இலிருந்து 29-ஐக் கழித்தால் 36. முதல் 36 மேளங்களுக்கும் சுத்த மத்திமம், அடுத்த 36-க்கும் பிரதி மத்திமம், மற்றச் சுரங்கள் அதே வரிசையில். ஆகவே சங்கராபரணத்தில் மத்திமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. பெயரைச் சொன்னால் எண் வரும், எண்ணைச் சொன்னால் சுரங்கள் வரும். தகவலைச் சுருக்கிவைக்கும் கலையில் இதற்கு இணை நான் கண்டதில்லை. கேரளத்துக் கணித அறிஞர்கள் மாதவனின் சைன் அட்டவணையையே இந்த முறையில் செய்யுளாக்கி வைத்திருந்தார்கள்.

ஐரோப்பாவிலும் இந்தப் பித்து இருந்திருக்கிறது. ஜெர்மானிய முறையில் சுரங்களுக்கு எழுத்துப் பெயர்கள். பாக்கின் பெயரிலுள்ள நான்கு எழுத்துகளும் நான்கு சுரங்கள். அவர் அவற்றை ‘ஆர்ட் ஆஃப் ஃபியூக்’ தொகுப்பின் முடிவுபெறாத கடைசி ஃபியூகில் இழைத்துவிட்டார். ஷோஸ்டகோவிச்சும் தன் பெயரெழுத்துகளைச் சுரமாக்கி 1960-இல் எழுதிய எட்டாவது நால்வர் இசையில் ஓடவிட்டிருக்கிறார். நம் பக்கம் சுவராட்சரம் என்று இதற்கு உறவுமுறையான ஒன்று உண்டு: ‘ச’ வரும் சொல்லை ஷட்ஜத்திலும் ‘ப’ வரும் சொல்லைப் பஞ்சமத்திலும் பொருத்துவது. முத்துசுவாமி தீட்சிதர் ராகத்தின் பெயரையே சாகித்தியத்துக்குள் பொருளோடு புதைத்துவைத்தவர். எங்கள் குழுவில் இருந்திருந்தால் புதிர் போடும் வேலையை அவரிடமே விட்டிருப்போம்.

குழு என்றதும், கூட்டமாக யோசித்தால் வேலை எளிது என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியலை நினைவுகூர்ந்தால், தனி ஒருவரைவிட அதிகம் சொல்வார்கள். ஆனால் அதே மூவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அதைவிடவும் அதிகம் வருகிறது. மேரி சூசன் வெல்டன் உள்ளிட்டவர்கள் 1997-இல் விளக்கமாகக் காட்டிய விஷயம் இது. என் தலையில் பாடல்கள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தலையில் வேறு வரிசை. நீங்கள் ஒன்றைச் சத்தமாகச் சொன்னதும் என் வரிசை கலைந்துபோகிறது. முதலாவது ஆள் “நிச்சயதார்த்தம்” என்று போடாமல் இருந்திருந்தால், யாராவது ஒருவர் கேசட் அலமாரிப் பக்கம் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். இப்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்துக்கு விடையைப் புதிர் போட்டவருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். நேரில் கூடியிருந்தால் இந்த விதி செல்லுபடியாகாது. யாராவது முணுமுணுத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அந்நியர்களைவிட நண்பர்கள் சேர்ந்து ஆடுவதில் வேறு லாபம் இருக்கிறது. யாருக்கு என்ன தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். ராகம் என்றால் மயிலாப்பூர் அக்கா. டைட்டில் கார்டில் கடைசியாக வரும் பெயர் வரை வேண்டுமென்றால் டொரொன்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். டேனியல் வெக்னர் இதற்குப் பரிமாற்ற நினைவு என்று பெயர் கொடுத்தார். 1991-இல் அவரும் சகாக்களும் காதலர் இணைகளையும், அங்கேயே சேர்த்துவைத்த அந்நியர் இணைகளையும் ஒப்பிட்டார்கள். இயல்பாக விட்டபோது காதலர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். “உனக்கு இந்தத் துறை, உனக்கு அது” என்று ஆய்வாளர்களே பிரித்துக்கொடுத்தபோது காதலர்கள் அந்நியர்களைவிடப் பின்தங்கினார்கள். சொல்லாமலே அமைந்திருந்த ஏற்பாட்டில் போய்க் கைவைத்ததன் விளைவு.

விடை வந்த பிறகு ஒரு சண்டை வரும்: “நானாத்தான் கண்டுபிடிச்சேன்.” நார்மன் மேயர் 1931-இலேயே இதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். கூரையிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது எட்டாது. திணறிக்கொண்டிருந்தவர்களின் அருகே நடந்துபோன மேயர், தற்செயலாகப் படுவதுபோல் ஒரு கயிற்றின் மேல் உரசி அதை ஆடவிட்டார். அடுத்த நிமிடத்தில் பலர் கயிற்று நுனியில் கனமான ஒன்றைக் கட்டி ஊசலாக்கி வேலையை முடித்தார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டால், பெரும்பாலோருக்கு அவர் உரசியதே நினைவில் இல்லை. தானாகத் தோன்றியது என்றார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார்கள். பாக்கை வாய்விட்டுச் சொல்லச் சொன்னவருக்கு இன்றுவரை யாரும் நன்றி சொல்லவில்லை.

செல்பேசியில் பாட்டைக் கேட்கவிட்டால் சட்டென்று பெயர் சொல்லும் ஷாஸாம் போன்றவை இந்த ஆட்டத்தைக் கெடுத்துவிடவில்லையா என்று கேட்பார்கள். அது ஒலியின் அலைவெண் வரைபடத்தில் உச்சிப்புள்ளிகளைப் பொறுக்கி, கிடங்கில் உள்ள பாடல்களோடு ஒப்பிடுகிறது. 2002-இல் லண்டனில் 2580 என்ற எண்ணை அழைத்துப் பயன்படுத்தும் சேவையாகத் தொடங்கியது. ஒலி இருந்தால்தான் அதற்கு வேலை. சிவன் கழுத்து நகையை அதன் முன்னால் எத்தனை தடவை உரக்கச் சொன்னாலும் பயனில்லை.

உண்மையில் ஆட்டத்தைக் கெடுக்கிறவர் புதிர் போடுகிறவர். விடை தெரிந்தவருக்கு எல்லாப் புதிரும் எளிது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஊரறிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்டச் சொன்னார். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் தலைக்குள் வாத்தியங்களோடு முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவர் காதில் விழுவதோ மேசைச் சத்தம்.

ஆகவே, மிக எளிது என்று நான் நினைக்கும் ஒன்றை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. தேவையானது எல்லாம் மேலே இருக்கிறது: ‘வாலுள்ளவர் தோடு போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் வீட்டுக் கதவு எண் என்ன?’